புகையிலைக்கு உரம்: அரை சென்ட், 30 செடி. எந்தப் பொட்டாஷ், எப்போது நிறுத்துவது?

செம்மண் · ஆகஸ்ட் 28

நத்தம் பக்கம். செம்மண் சரளை, கிணற்றுப் பாசனம். வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் சும்மா கிடக்கிறது. ஊசிக்கப்பல் (மெல்லும் புகையிலை ரகம்) நாற்று 30 வைக்கப் போகிறேன். தாத்தா சுருட்டுக்குக் கொஞ்சம், மீதி அவரையில் அசுவினிப் பூச்சி விழுந்தால் புகையிலைக் கரைசல் அடிக்க. கடையில் 17:17:17 வாங்கி செடிக்கு ஒரு கைப்பிடி போடச் சொல்கிறார்கள். புகையிலை எதையும் தாங்கும் பயிர், உரத்தில் பெரிய கணக்கெல்லாம் கிடையாது என்பது என் எண்ணம். சரிதானே?

கிடைக்காரன் · ஆகஸ்ட் 28

செடி தாங்கும். இலை தாங்காது.

17:17:17 காம்ப்ளக்ஸ் என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாஷ்) மூன்றும் தலா 17 சதவீதம். அதில் இருக்கும் சாம்பல்சத்து பெரும்பாலும் மியூரேட் ஆஃப் பொட்டாஷிலிருந்து வருவது. அதாவது பொட்டாசியம் குளோரைடு. ஒரு கைப்பிடியை 45 கிராம் என்று வையுங்கள். அதில் சாம்பல்சத்து 7.5 கிராம். அதைக் கொடுக்க 12.5 கிராம் மியூரேட் உள்ளே போயிருக்க வேண்டும், அதோடு சுமார் 6 கிராம் குளோரைடும் வந்துவிடும். புகையிலை குளோரைடை உறிஞ்சுவதில் பேராசைக்காரச் செடி. ஒரு செடியில் பதப்படுத்திய இலை 150 கிராம் தேறும் என்றால், அந்தக் குளோரைடில் பாதி ஏறினாலே இலையில் 2 சதவீதம். அந்த அளவில் சுருட்டு பற்றாது. பற்ற வைத்தால் அணையும், மறுபடி பற்ற வைக்கணும், சாம்பல் கறுப்பாக நிற்கும், மழைக்காலத்தில் இலை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். தாத்தா உங்களைத் திட்ட மாட்டார், தீப்பெட்டியைத் திட்டுவார்.

கிடைக்காரன் · ஆகஸ்ட் 29

நேற்று வேகமாக முடித்துவிட்டேன். அளவு சொல்கிறேன்.

75 × 75 செ.மீ. இடைவெளி. 30 செடிக்கு 17 சதுர மீட்டர், அரை சென்ட்டுக்குள் அடங்கும். நடுவதற்கு நாலு வாரம் முன்பே குழிக்கு 1 கிலோ மக்கிய ஆட்டுப் புழுக்கை போட்டு மண்ணோடு கலக்கவும். பிறகு செடிக்குத் தழைச்சத்து 5 கிராம், இரண்டு தவணையாக. சாம்பல்சத்துக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 10 கிராம். மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் 10 கிராம்.

பொட்டாஷ் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு மியூரேட், வெள்ளை சல்பேட் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. வெள்ளை மியூரேட்டும் உண்டு. மூட்டையில் 0-0-60 என்றிருந்தால் மியூரேட். 0-0-50 என்றிருந்தால் சல்பேட், கூடவே 17.5 சதவீதம் கந்தகமும் போட்டிருக்கும். 0-0-50 ஒரு கிலோ பொட்டலமாக, நீரில் கரையும் உரங்களோடு வைத்து விற்கிறார்கள். 30 செடிக்கு மூட்டை தேவையில்லை.

உப்புக்கிணறு · செப்டம்பர் 2

வேதாரண்யத்திலிருந்து. கிடைக்காரன் அண்ணே, ரெண்டு இடம் இடிக்குது.

ஒன்று, குளோரைடு என்றாலே விஷம் மாதிரி எழுதியிருக்கீங்க. எங்க பக்கம் உப்புத் தண்ணியில்தான் மெல்லும் புகையிலை விளையுது. வெத்தலையோட மெல்லுறதுக்கு இலை தடிப்பா, ஈரம் பிடிச்சு, கனமா இருக்கணும். அதுக்குக் குளோரைடு கெடுதல் இல்லை, உப்புக் கிணத்து இலைக்குத்தான் மதிப்பே. யாழ்ப்பாணத்திலும் உவர்க் கிணறு உண்டு. ஆகவே எதுக்குப் புகையிலைன்னு தீர்மானிச்ச பிறகுதான் உரம்.

ரெண்டு, புழுக்கையைக் கணக்கில் எடுக்கவே இல்லையே. காய்ந்த ஆட்டெருவில் தழைச்சத்து 3 சதவீதம். 1 கிலோவுக்கு 30 கிராம். இந்தப் பருவத்துக்குள்ள அதுல மூணில் ஒரு பங்கு அவிழ்ந்தாலே 10 கிராம். அதுக்கு மேல நீங்க 5 கிராம். மொத்தம் 15. தேவையைப் போல மூணு மடங்கு.

கிடைக்காரன் · செப்டம்பர் 2, இரவு

இரண்டாவது என் தப்புதான். ஆகஸ்ட் 29 குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம். திருத்தம் இது:

குழிக்குப் புழுக்கை 250 கிராம் போதும். அதில் இந்தப் பருவத்துக்குக் கிடைப்பது சுமார் 2.5 கிராம் தழைச்சத்து. மீதி 2.5 கிராமை உரத்தில் கொடுத்தால் செடிக்கு 5. எக்டேருக்கு 17,700 செடி என்று பெருக்கிப் பாருங்கள், 90 கிலோ வரும். மெல்லும் ரகத்துக்கு அது மிதமான அளவு. புழுக்கையில் சாம்பல்சத்து 2 சதவீதம், ஆக அங்கிருந்து 5 கிராம். சல்பேட் பொட்டாஷ் 10 கிராமிலிருந்து இன்னொரு 5. சுருட்டுக்குத் தழைச்சத்தைப் போல இரண்டு பங்கு சாம்பல்சத்து இருப்பது நல்லது, அந்தக் கணக்கு பொருந்துகிறது.

கிடை போட்ட நிலம் என்றால் எதையும் போடாமல் ஆரம்பியுங்கள். ஆட்டுக்கிடை போட்ட மண்ணில் மூத்திரமும் சேர்ந்திருக்கும். அது உடனே கிடைக்கும் தழைச்சத்து. (என் பெயர் கிடைக்காரன் என்று வைத்துக்கொண்டு எருவை மறந்ததற்கு என்னைச் சுத்தமாகக் கழுவி ஊற்றலாம்.)

செம்மண் · செப்டம்பர் 3

அப்போ எனக்குச் சுருட்டும் வேணும், கரைசலும் வேணும். ஒரே உரம் ஆகாதா?

கிடைக்காரன் · செப்டம்பர் 3

ஆகாது. நேர் எதிர்த் திசை.

சுருட்டு இலைக்குத் தழைச்சத்து ஒரு கட்டத்தில் தீர வேண்டும். நுனி கிள்ளும் நேரத்தில் மண்ணில் அது வற்றியிருந்தால்தான் இலை வெளிறி, மஞ்சள் புள்ளி விழுந்து, முற்றும். வற்றாவிட்டால் கரும்பச்சையாகவே நிற்கும், நரம்பு முரடாகும், தொங்கவிட்டால் பச்சையாகவே காய்ந்துவிடும். பச்சையாகக் காய்ந்த இலையை எந்தப் போரில் (பதப்படுத்தும் குவியலில்) அடுக்கினாலும் மீட்க முடியாது. புகையிலைக்கு உரம் போடுவதில் முக்கால்வாசி வேலை, நிறுத்துகிற தேதியைச் சரியாகப் பிடிப்பது. யூரியாவை ‘இன்னும் கொஞ்சம்’ என்று கிள்ளிய பிறகு தூவுகிறவர்கள்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கரைசலுக்கு வேண்டியது நிக்கோட்டின். அது வேரில் உருவாகி இலைக்கு ஏறுவது. தழைச்சத்து கூடினால் கூடும், நுனி கிள்ளினால் கூடும், சிம்பு (இலைக்கணுவில் கிளம்பும் பக்கக் கிளை) ஒடித்தால் கூடும். அங்கே பற்றுகிற குணம் எதற்கு? ஆகவே 10 செடியைத் தனி வரிசையாக்குங்கள். அதற்குப் புழுக்கை 500 கிராம், மலிவான பொட்டாஷ் கூடப் போடலாம், கிள்ளும்போது இன்னொரு தவணை தழைச்சத்தும் கொடுக்கலாம். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் டிசம்பரில் எது எது என்று தெரியாது.

உப்புக்கிணறு · செப்டம்பர் 4

கரைசல் அடிக்கிறதுன்னா ஒரு எச்சரிக்கை. தக்காளி, மிளகாய், கத்தரி பக்கம் அதைக் கொண்டுபோகாதீங்க. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் உயிரோட இருக்கும், கை வழியாவே பரவும். அவரை, வெண்டைக்கு 500 கிராம் இலையை நாலரை லிட்டர் தண்ணியில ஒரு நாள் ஊற வெச்சு, 120 கிராம் பார் சோப்பைத் தனியாக் கரைச்சு, ரெண்டையும் வடிகட்டிக் கலந்து, 6 மடங்கு தண்ணி சேர்த்து அடிக்கலாம். முகத்துல துணி, கையில உறை. ஈர இலையை வெறும் கையால ஒடிச்சாலே தலைசுத்தி வாந்தி வரும் ஆளுங்க இருக்காங்க. தோல் வழியா நிக்கோட்டின் ஏறும்.

மொட்டைமாடி · செப்டம்பர் 9

சென்னை. பையில் 4 செடி மட்டும். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சரிபாதி. இதே கணக்கா? வர்ஜீனியா விதை ஒருவர் தருகிறேன் என்கிறார்.

கிடைக்காரன் · செப்டம்பர் 9

வர்ஜீனியாவை விடுங்கள். 1975-ஆம் ஆண்டு புகையிலை வாரியச் சட்டப்படி அந்த ரகத்துக்குப் பதிவு வேண்டும். நாட்டு மெல்லும் ரகங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அபிராமி, மீனாட்சி, பாக்யலட்சுமி எல்லாம் வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையம் தந்தவை.

நார்க்கழிவுதான் உங்கள் பிரச்சினை. உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் சோடியமும் குளோரைடும் அதற்குள்ளேயே இருக்கும். கட்டியை ஊற வைத்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி வடியுங்கள். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு இரவு விட்டு வடித்தால், நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளி வெளியேற்றும். பை 20 லிட்டருக்குக் குறைய வேண்டாம். பையில் மண்ணுக்குப் போடுவது போல கட்டி உரம் வைக்காதீர்கள், வேர் ஒரே இடத்தில் கருகும். லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் ஒரு வாரம், 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 1 கிராம் மறுவாரம், செடிக்கு 1 லிட்டர். மொட்டு தெரிந்ததும் கால்சியம் நைட்ரேட்டை நிறுத்துங்கள். பிறகு 0-0-50 மட்டும் இரண்டு முறை.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாசம் வருகிறதே என்று அடுத்த கேள்வி வரும். அது வேறு, குளோரைடு வேறு. வாசம் வருகிற குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது, வெயிலில் வைத்தால் போய்விடும். குளோரைடு போகாது.

கிடைக்காரன் · செப்டம்பர் 11

மேலே சொன்னதையே திருப்பிப் போட்டுப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. செம்மண், உங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன சுவை?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு செடிக்குப் பருவம் முழுக்க 100 லிட்டர் ஊற்றுவீர்கள் என்று வையுங்கள். தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் 20 கிராம். காம்ப்ளக்ஸ் ஒரு கைப்பிடியில் வருவது 6 கிராம்தான். உரத்தில் சல்பேட் பொட்டாஷுக்குக் கூடக் காசு கொடுத்துவிட்டு, வாளியில் மூன்று மடங்கு உப்பை ஊற்றினால் அந்தக் காசு எங்கே போகும்? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குளோரைடு பார்த்துத் தருவார்கள். 100-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 200-ஐத் தாண்டினால் சுருட்டு வரிசையை மழைநீரில் வளர்க்கப் பாருங்கள், அல்லது தாத்தாவை வெற்றிலைக்கு மாற்றுங்கள்.

செம்மண் · செப்டம்பர் 19

தண்ணீர் பார்த்தாச்சு. குளோரைடு 90. மண் பி.எச். 7.9. தாத்தா தப்பித்தார். அடுப்புச் சாம்பல் வீட்டில் நிறைய இருக்கிறது. அதுவும் பொட்டாஷ்தானே, போடலாமா?

கிடைக்காரன் · செப்டம்பர் 19

7.9-இல் வேண்டாம். சாம்பலில் சாம்பல்சத்து இருப்பது கார்பனேட்டாக. குளோரைடு கம்மி என்பது நல்லது, ஆனால் காரத்தை இன்னும் ஏற்றும். புகையிலைக்குப் பிடித்தது 5.5 முதல் 6.5. காரம் ஏறினால் இரும்பு கிடைக்காமல் குருத்து வெளிறும், கரும் வேரழுகலும் காரத்தை விரும்புகிற நோய். புளிப்பு மண்காரர்கள் மட்டும் சாம்பலைப் பயன்படுத்தலாம். நீங்கள் அதை பாத்திரம் துலக்க வையுங்கள்.

உப்புக்கிணறு · செப்டம்பர் 20

எருவை எங்கே வாங்குறீங்கன்னும் பாருங்க. புகையிலைக் காளான் (பேருதான் காளான், புகையிலை வேரை உறிஞ்சுற ஒட்டுண்ணிச் செடி) முளைச்ச தோட்டத்துல மேய்ஞ்ச ஆட்டோட புழுக்கை வழியா அந்த விதை வரும். ஆட்டு வயித்துலயும் சாகாது, மண்ணுல பத்து வருஷத்துக்கு மேல கிடக்கும். தூசி மாதிரி விதை. மூணு மாசம் குவிச்சு, சூடேறி மக்கின எருவா எடுங்க. செடியடியில வெளிர் ஊதாப் பூவோட இலையில்லாத தண்டு கிளம்பினா விதை கட்டுறதுக்கு முன்னாடி பிடுங்கி எரிக்கணும், குப்பையில போடக்கூடாது.

யாழ்ப்பாணத்துல எருவோட பூவரசங்குழை, பனையோலை வெட்டித் தாழ்ப்பாங்க. மண்ணும் இளகும், காளான் விதையும் வராது. நத்தம் பக்கம் பூவரசு இல்லாமலா இருக்கும்?

கிடைக்காரன் · அக்டோபர் 14

நடவு வாரம். இந்த இடத்தில் ஆகும் தவறுகள்:

சூப்பர் 10 கிராமும் சல்பேட் பொட்டாஷ் 5 கிராமும் நாற்றுக்கு இரண்டு பக்கமும் 10 செ.மீ. தள்ளி, 8 செ.மீ. ஆழத்தில் குத்திப் போட்டு மூடுங்கள். நடுகிற குழிக்குள்ளேயே போட்டு மேலே நாற்றை வைப்பவர்கள் உண்டு. நாலாவது நாள் நாற்று வாடும், தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், உப்பில் கருகிய வேர் அழுகும்.

முதல் 10 நாளுக்குத் தழைச்சத்து வேண்டாம். 12-ஆம் நாள் கால்சியம் நைட்ரேட் 8 கிராம், 35-ஆம் நாள் இன்னொரு 8 கிராம். இரண்டும் சேர்ந்தால் 2.5 கிராம் தழைச்சத்து. 35-ஆம் நாள் மீதி 5 கிராம் பொட்டாஷையும் போட்டு மண் அணைக்க வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே வாளியில் கரைக்காதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சமாகி வெள்ளைச் சேறாக அடியில் தங்கிவிடும். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்.

யூரியா ஏன் இல்லை? போடலாம், 2.5 கிராம் தழைச்சத்துக்கு ஐந்தரை கிராம் யூரியா. ஆனால் 7.9 மண்ணில் மேலே தூவினால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். புதைத்தால்தான் பிடிக்கும். புகையிலைக்குக் கொடுக்கும் தழைச்சத்தில் பாதியாவது நைட்ரேட் வடிவத்தில் இருப்பது நல்லது. அம்மோனியம் சல்பேட் உங்கள் கார மண்ணுக்கு மோசமில்லை, 12-ஆம் நாள் தவணைக்கு 6 கிராம் அதைப் போட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

அளவுக்குத் தேக்கரண்டியை நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு முறை 8 கிராம் நிறுத்து, அது எந்த மூடி நிறையப் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டால் பிறகு மூடிதான் தராசு.

மொட்டைமாடி · நவம்பர் 2

பஞ்சகவ்யம் தெளிக்கலாமா?

உப்புக்கிணறு · நவம்பர் 2

தெளிக்கலாம். கோமியத்துல குளோரைடு இருக்கு. மெல்றதுக்குன்னா பரவாயில்லை. இலையில தெளிச்சதை வாய்க்குள்ள வைக்கப் போறவர் யாருன்னு மட்டும் யோசிச்சுக்கோங்க.

செம்மண் · நவம்பர் 27

மூன்று நாள் மழை கொட்டிவிட்டது. செடி முழங்காலுக்கு மேல். அடியிலை நுனியிலிருந்து நரம்புக்கு நடுவில் வெளிறுகிறது, நரம்பு பச்சையாக இருக்கிறது. 35-ஆம் நாள் தவணை மழைக்கு இரண்டு நாள் முன்புதான் போட்டேன்.

கிடைக்காரன் · நவம்பர் 27

தழைச்சத்துக் குறையென்றால் அடியிலை நரம்போடு சேர்ந்து முழுசாக மஞ்சளாகும். நரம்பு பச்சை, நடுவே வெளிறல், நுனியிலிருந்து தொடக்கம் என்றால் மெக்னீசியம். சரளை மண்ணில் பெருமழைக்குப் பின் வழக்கமாக வருவது. லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள், 10 நாள் கழித்து இன்னொரு முறை. வெளிறியது முழுதாகத் திரும்பாது, மேலே ஏறாமல் நிற்கும். ஓரம் புள்ளியிட்டுக் கருகி இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால்தான் பொட்டாஷ் குறை.

கழுவிப்போன நைட்ரேட்டுக்குக் கால்சியம் நைட்ரேட் 4 கிராம் மட்டும் திரும்பப் போடுங்கள், அதுவும் இந்த வாரத்துக்குள். 45 நாள் தாண்டிவிட்டால் வெளிறினாலும் விடுங்கள்.

கிடைக்காரன் · நவம்பர் 28

நேற்று எழுதியதில் சந்தேகம் வந்துவிட்டது. புழுக்கை இன்னும் அவிழ்ந்துகொண்டிருக்கும், மழை நின்று வெயில் வந்தால் இன்னும் வேகமாக. மேல் ஆறு இலை கரும்பச்சையாக இருந்தால் அந்த 4 கிராமும் வேண்டாம். மேலிலையும் வெளிர் என்றால் மட்டும் போடுங்கள். சுருட்டு வரிசையில் பட்டினி போட்டுத் தப்புவது, ஊட்டித் தப்புவதைவிட மேல்.

செம்மண் · டிசம்பர் 11

மேலிலை கரும்பச்சை, போடவில்லை. மொட்டு வந்துவிட்டது. எத்தனை இலை விட்டுக் கிள்ளுவது?

உப்புக்கிணறு · டிசம்பர் 11

கீழ ரெண்டு மண்ணிலையைக் கழிச்சுட்டு 9 அல்லது 10. கிள்ளின பிறகு வாரம் ஒரு தடவை சிம்பு ஒடிக்கணும், விட்டீங்கன்னா போட்ட உரமெல்லாம் சிம்புக்குப் போயிடும். கரைசல் வரிசையைக் கடைசியாத் தொடுங்க. ஒரு வரிசை முடிச்சுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுத்த வரிசை, தேமல் ஒட்டாது.

செம்மண் · பிப்ரவரி 6

வெட்டியாச்சு. சுருட்டு வரிசை சுருக்கம் விழுந்து மஞ்சள் புள்ளியோடு முற்றியது. கரைசல் வரிசை இன்னும் யானைக்காது மாதிரி பச்சையாக நிற்கிறது. அறுத்ததில் நல்லது கெட்டது எப்படிப் பார்ப்பது?

கிடைக்காரன் · பிப்ரவரி 6

பதமாகிக் காய்ந்த பிறகு இலையின் நடுவில், நரம்பில்லாத இடத்தில் ஊதுபத்திக் கங்கைத் தொட்டு எடுங்கள். கங்கு படர்ந்துகொண்டே போனால் உரக்கணக்கு சரி. இரண்டு மூன்று நொடியில் அணைந்து ஓரம் கறுத்து நின்றால் குளோரைடு. ஒப்பிடுவதற்குக் கடைப் புகையிலை ஒரு துண்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தாலும் அணையும், எனவே இரண்டையும் ஒரே நாள் வெயிலில் காயவைத்துவிட்டுப் பாருங்கள். கரைசல் வரிசையில் ஒரு இலையையும் கொளுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மிஞ்சிய கால்சியம் நைட்ரேட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகிவிடும். 0-0-50 அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது.